கடைசி வரி

கண் பரிசோதிக்கும் எங்களுக்கு ஆண்டுதோறும் விழுப்புரத்தில் பயிற்சி வகுப்பு நடக்கும். திண்டிவனத்திலிருந்து ஒருவர் வருவார். சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார். பயிற்சி கொடுப்பவர்கள் அவரைத்தான் புகழ்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருவர் கண்ணை ஒருவர் சோதிக்கும் பயிற்சியில் நான் அவரிடம் மாட்டினேன். சுவர் அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று சொன்னேன். அவர் தலையைச் சாய்த்தார்.

“தினம் பேஷண்டுக்குக் காட்டிக்கினு இருக்கிற அட்டைங்க இது. மனப்பாடமா சொல்றீங்க. ஜன்னல் வழியா பாருங்க, அந்த பஸ்ஸு எந்த ஊருக்குப் போவுது?”

எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுதித் தந்த கண்ணாடியோடுதான் அடுத்த ஆண்டு வகுப்புக்குப் போனேன். அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்தே அவருடைய சிரிப்பு பளிச்சென்று தெரிந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.