முன்னால் வந்து நிற்பவள்

கிருபா யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டாள். சரவணம்பட்டியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடிக் கட்டடங்களைக் கழுவுகிற வேலை எங்களுக்கு. ஹெல்மெட்டை மறந்துவிட்டு நான் நடந்தால் 'முஜீப் அண்ணா' என்று ஒரு குரல் கொடுக்கலாம். கொடுக்க மாட்டாள். மூச்சிரைக்க ஓடிவந்து, என்னைத் தாண்டிப் போய், எதிரில் திரும்பி நின்று, "ஹெல்மெட்ட உட்டுட்டு வந்துட்டீங்கண்ணா" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. "ஏன் அம்மணி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறே?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது கோட்டைமேட்டில் எங்கள் வீட்டிலும் உண்டுதான். தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால், கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அத்தோடு சரி. இவள் மட்டும் அதை விரதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். காரணம் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அவள் ஊர். அப்பா மாரப்பன் தோப்புகளில் தென்னை ஏறுகிறவர். ஒருநாள் காலையில் மத்தியானச் சோறு கட்டிவைத்த தூக்குப்போசியை எடுக்காமல் வீதிவரை போய்விட்டார். அம்மா மாரியாத்தாள் வாசலில் நின்று, "ஏனுங்க, போசிய உட்டுட்டுப் போறீங்க" என்று கூப்பிட்டார். மாரப்பன் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் மரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

சாவு வீட்டிலேயே ஒரு சொந்தக்காரி ஆரம்பித்தாளாம். "போறவன பொறகால கூப்புட்டு உட்டாளே." அந்த நாக்கை என்ன செய்தால் தகும்? அதன்பிறகு மாரியாத்தாள் கிளம்புகிற எவரையும் கூப்பிட்டதில்லை. மகள் செருப்பு மாட்டும்போதே சமையலறைக்குள் போய்விடுவார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மாடியில் தொங்குகிற வேலைக்குப் போகிறேன் என்று கிருபா சொன்ன அன்றும் அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மணாலிக்காரர் ஒருவர் வடக்கே பனிமலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதியில் குளிர்கால முகாம் நடத்துகிறார். உறைந்துபோன அருவிகளில் ஏறக் கற்றுக்கொடுக்கிற முகாம். கயிறு வேலை தெரிந்தவர்கள் என்று எங்கள் இருவரையும் டிசம்பர் தோறும் கூப்பிட்டுக்கொள்வார். கூடப் போவது முஜீப் என்கிறவனா என்று அவள் ஊரில் முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

ஜனவரி பாதிக்கு மேல் அங்கே அருவி முழுக்க இறுகி நீலமாக நிற்கும். கைக்கோடரியை அடித்தால் மரத்தில் ஆணி இறங்குவது போல இறங்கிப் பிடிக்கும். டிசம்பர் தொடக்கம் அப்படியில்லை. ஐஸ் வெள்ளையாக, காற்றடைத்து, மெலிந்து கிடக்கும். அதற்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பல இடங்களில் அடிப்பகுதி தரையைத் தொடாமல் திரைச்சீலை மாதிரி தொங்கும். கயிற்றை மாட்ட இரும்புத் திருகாணியைத் திருகினால் அது வெற்றிடத்தில் சுற்றும். முகாமுக்கு ஆட்கள் வருவதற்கு முன் எந்த அருவி தேறியிருக்கிறது என்று பார்த்து, மேலே கயிறு கட்டிவிட்டு வருவதுதான் எங்கள் வேலை.

போன டிசம்பரில் ஒரு காலை. இரவெல்லாம் நல்ல குளிர், தேறியிருக்கும் என்றேன். கிருபா அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் பொறுக்கலாங்கண்ணா" என்றாள். எனக்குப் பொறுக்கிற பழக்கம் இல்லை. பூட்ஸின் அடியில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் கீழே நின்றாள்.

ஏறுகிறவனுக்கு மூக்குக்கு முன்னால் இருக்கிற ஐஸ்தான் தெரியும். கீழே நிற்கிறவளுக்கு முழுத் திரையும் தெரியும். நான் இரண்டு ஆள் உயரம் போனபோது, திரை பாறையோடு ஒட்டியிருந்த மேல்விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். நான் ஒவ்வொரு முறை கோடரியை அடித்தபோதும் அது நீண்டது. உள்ளே தண்ணீர் கறுப்பாக நெளிந்தது.

வாயைத் திறந்தும் குரல் வரவில்லையாம். முன்னால் ஓடிப்போய் நின்று சொல்லிவிடலாம் என்று கால்தான் முதலில் அசைந்ததாம். ஐஸ் சுவரில் ஏறுகிறவனுக்கு முன்னால் எங்கே போய் நிற்பது?

"முஜீப் அண்ணா!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

"எறங்குங்கண்ணா. மேல கீறல் உட்டுப்போச்சு."

"இன்னும் கொஞ்சந்தான் இருக்குது, சும்மா இரு!"

"எறங்குங்க! அடிக்காம எறங்குங்க!"

திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தள்ளியிருந்த ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அவள் உடம்பு நடுங்கியது. குளிர் என்று நினைத்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். டம்ளரை வாங்காமல் அழுதாள்.

"பொறகால கூப்புட்டுப்போட்டேன்ண்ணா. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

அப்போதுதான் அப்பா கதையைச் சொன்னாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெயில் வரும்வரை சட்டையை அவள் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. வெயில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே பெயர்ந்து விழுந்தது. செங்கல் லோடு கொட்டுகிற சத்தம். அவள் நின்றிருந்த இடத்திலும் ஆளுயரக் கட்டிகள் கிடந்தன. எனக்கு உள்ளங்கால்வரை பயமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் கிருபாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். கிருபா வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை.

"உங்க மக பொறகால கூப்புட்டதாலதானுங்கம்மா நான் இன்னைக்கு உசுரோட உக்காந்திருக்கறேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாரியாத்தாள் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கூப்புட்டதும் திரும்பிப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தனுங்க. எரிஞ்சு உழுந்தேன்."

"அவுரு கோவிச்சுக்கலீங்க. சிரிச்சுட்டே வந்து போசிய வாங்கீட்டுப் போனாரு." கீழே வைத்த டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "அந்தச் சோத்த உண்டுபோட்டுத்தான் மரம் ஏறுனாருன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க. நான் கூப்புடாட்டி பசியோட போயிருப்பாரு."

இதை அவர் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை என்று கிருபாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிருபாவும் நானும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். அவள் செருப்பு மாட்டியபோது மாரியாத்தாள் வழக்கம்போல உள்ளே போய்விட்டார். நாங்கள் வீதிமுனையை எட்டியிருப்போம்.

"கிருபா!"

கிருபா நின்றாள். உடனே திரும்ப அவளால் முடியவில்லை. நான்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன். மாரியாத்தாள் வாசலைத் தாண்டி வீதிக்கே வந்திருந்தார். கையில் எதுவும் இல்லை.

"என்னம்மா, எதையாச்சும் உட்டுட்டு வந்துட்டனா?" கிருபா மெல்லத் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மாதான் கூப்புட்டேன். நீ போயிட்டு வா."