இடப்பக்க ஜன்னல்

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் இடப்பக்கம் தெரிகிறது. ஓரத்தில் நிற்கும் ஒல்லியான இளைஞர்தான் பிற்காலத்தில் எங்கள் பத்திரிகையில் பிழைதிருத்துநராக இருந்தவர். கடற்படையின் ரோந்து விமானத்தில் வானொலி இயக்குபவராகப் பணியாற்றிவிட்டு வந்தவர் என்பதால், அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘நேவி அண்ணே’. அவரைவிட மூத்த ஆசிரியரே அப்படித்தான் கூப்பிடுவார். டைரிக்குள்ளிருந்து அந்தப் படத்தை எடுத்து அவர் எனக்குக் காட்டியபோது ஓரங்கள் நைந்திருந்தன. ஏழு முகங்களையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். முகங்களைத் தவிர வேறு எதையும் அதில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். அரசியல்வாதியின் பெயரில் பிழை இருந்தால் அமைதியாகத் திருத்தி அனுப்பிவிடுவார். ஆனால் மீனவர்கள் காணாமல் போன செய்தி வந்தால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, கடலோர நிருபருக்குத் தானே போன் போடுவார். “படகுல நாலு பேரா, அஞ்சு பேரா? கேட்டுச் சொல்லுப்பா. லைன்லயே இருக்கேன்” என்பார். அதுவரை பக்கம் நகராது. “அண்ணே, நாலோ அஞ்சோ, கரைக்கு வந்தா எண்ணிக்கிருவோம். பக்கத்த விடுங்க” என்று பக்க வடிவமைப்பாளர் ஒரு முறை சொன்னார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கடற்படையில் நீடித்திருக்கலாமே, ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேன்டீனில் ஒரு மாலை கேட்டேன். டீயைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். புயல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை வந்திருந்த நாள். ரோந்து முடிந்து விமானம் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. “என் சீட்டுக்கு இடப்பக்கம் சன்னலு. எட்டிப் பாத்தேன். கீழ ஒரு வள்ளம். ஆளுக துணிய வீசுறாக. நம்மளப் பாத்துக் கையக் காட்டுறாகன்னு நெனச்சிட்டேன். யார்ட்டயும் சொல்லல.” மூன்று நாள் கழித்து, ஒரு படகு திரும்பவில்லை என்ற செய்தி வந்திருக்கிறது. பணிக்காலம் முடிந்ததும் நீட்டிக்கக் கேட்காமல் மதுரைக்கு வந்துவிட்டார். அதன்பின் கடலுக்குப் போனதில்லை. மனைவி கூப்பிட்டும் ராமேஸ்வரம்கூடப் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் திருநகரில் இருக்கிறார். என் மைத்துனர் விளாங்குடியில் மாடியறையில் உட்கார்ந்து கணினி வேலை பார்க்கிறார். மிச்ச நேரத்தில் விமானம் செய்கிறார். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காகப் பழைய விமானங்களை உள்ளும் புறமும் அப்படியே உருவாக்கி, கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. ஒரே விமானம் ஐந்தாறு வகைகளில் வந்திருக்கும். ஒரு வகையின் மூக்கை இன்னொரு வகையின் உடலில் ஒட்டிவிட்டால், மறுநாளே எங்கெங்கிருந்தோ கண்டனம் வரும். நேவி அண்ணன் பறந்த விமானத்தைத்தான் மைத்துனர் செய்துகொண்டிருந்தார். வானொலி இயக்குபவர் உட்காரும் மூலைக்கு மட்டும் படமே கிடைக்கவில்லை என்றார். நான்தான் இருவருக்கும் அறிமுகம் செய்து வைத்தேன். படகின் கதையை மைத்துனரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்வது என் வேலையல்ல என்று நினைத்தேன்.

நேவி அண்ணன் நினைவிலிருந்தே நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார், எண் போட்டு. பிளாஸ்க் மாட்டும் கொக்கி, எழும்போது தலையில் இடிக்கும் குழாய், உரிந்துபோன பச்சைப் பெயின்ட் எல்லாம் அதில் இருந்தன. ஸ்கேன் செய்துகொள்ளச் சொல்லி அந்த ஏழு பேர் படத்தையும் கொடுத்தார். “மச்சான், இந்த மனுசன் சொன்னதுல ஒண்ணே ஒண்ணத் தவிர ஒரு அங்குலம் தப்பல. டிராயிங்கோட அப்படியே பொருந்துது” என்று மைத்துனர் எனக்குப் போன் செய்தார்.

வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை விளாங்குடிக்கு அழைத்துப்போனேன். கண்ணை முழுக்க மூடும் வி.ஆர். கண்ணாடியை மைத்துனர் அவர் தலையில் மாட்டிவிட்டார். அவர் பார்ப்பது எங்களுக்குத் திரையில் தெரிந்தது. கொக்கியைக் கண்டுபிடித்தார். குழாயைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். பிறகு இடப்பக்கம் திரும்பினார். இடது கை தானாக மேலே போய்க் காற்றில் எதையோ தேடியது.

“சன்னல் எங்க தம்பி?”

“இந்த வகையில கிடையாதுண்ணே. அங்க ரேடியோ ரிசீவர் அடுக்கு வந்துருச்சு. சன்னல அடைச்சுட்டாங்க.”

“நீ பொறக்குறதுக்கு முன்னாடி நான் உக்காந்த சீட்டுய்யா இது.”

“அதான் உங்களயே கேட்டு எழுதி வாங்குனேன். ஆனா சன்னல் மட்டும் கிடையாது. எட்டாவது பாயிண்டா எழுதியிருந்தீக. அத மட்டும் நான் எடுத்துக்கல.”

“எங்க பிளேன் பழைய வகையா இருக்கும்.”

மைத்துனர் திரையில் அந்த ஏழு பேர் படத்தைத் திறந்தார். அவருடைய கூட்டத்தார் இப்படிப்பட்ட படங்களில் முகம் பார்ப்பதில்லை. ஒல்லி இளைஞரின் தோளுக்குப் பின்னால் விமானத்தின் உடலைப் பெரிதாக்கினார். ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சதுரமான ஒரு தகடு. சுற்றிலும் ஆணித் தலைகள். “இது எப்ப எடுத்த படம்ணே?”

நேவி அண்ணன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். “இந்த பிளேனுக்கு வந்த மொத வாரம்” என்றார்.

“அதுக்கு முன்னாடி டிரெய்னிங்கு?”

“பழைய வகையில.”

“அப்ப ரெண்டும் கலந்துருச்சு. எங்க ஆளுக எப்பவும் பண்ற தப்புதான்ணே. பெரிய பெரிய ஆளுகளே மாட்டியிருக்காக.”

மைத்துனர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பத்திரிகைக்காரனின் முதல் சந்தேகம் வந்தது: இவர் அந்த விமானத்தில் இருந்தாரா என்பது. படத்தில் இருக்கிறார். அந்தச் சந்தேகம் போனதும் அடுத்து எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். “அண்ணே, அப்ப நீங்க பாக்கவே இல்ல. பாத்திருக்கவே முடியாது. இம்புட்டு வருசமா சும்மா கெடந்து…” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“ஹெட்போன்ல வள்ளம்னு சொன்னாரு,” என்றார். “நமக்கு அது படகு. நான் எந்தக் காலத்துல வள்ளம்னேன்?”

பிறகு மெதுவாகச் சொன்னார். விமானத்தின் மூக்கில் கண்ணாடிக்குப் பின்னால் படுத்துக் கடலைக் கவனிப்பவர் ஒரு மலையாளி. இவருடைய ஹெட்போனில் பேசும்போது இவருக்காகத் தமிழில் பேசுவார். “எடது பக்கம் கீழ ஒரு வள்ளம், ஆளுக துணி வீசுறாங்க, எழுதிக்கோ தம்பின்னாரு. எனக்கு அப்ப வானிலைச் செய்தி வந்துக்கிட்டு இருந்துச்சு. முடியட்டும்னு நெனச்சேன். தளத்துக்கு நான்தான் அனுப்பணும். வேற ஆள் கிடையாது. முடிஞ்சதும் மறந்துட்டேன். அனுப்பிட்டேன்னு அவரு நெனச்சிருப்பாரு.” கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தார். “நம்மளப் பாத்துக் கையக் காட்டுறாகன்னு நான் நெனைக்கல. அத நான் பின்னாடி சேத்துருக்கேன்.”

சாதாரணத் தவறு ஒன்றை அவர் அத்தனை வருடம் சுமந்தார் என்றே நான் நினைத்திருந்தேன். கையசைப்பதைப் பார்த்து வணக்கம் என்று நினைத்துக்கொள்வது யாருக்கும் நேரக்கூடியது. அவரிடமோ ஒருவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், எழுதிக்கொள்ளவும் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணிக்கை கேட்டுத் திருத்திய மனிதருக்கு, தன் வாழ்க்கையின் அந்த ஒரு வரி மட்டும் வேறாகப் பதிந்திருந்தது.

என்ன நடந்தது என்று மைத்துனரிடம் நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் உடனே மவுஸைப் பிடித்தார். “அண்ணே, பழைய வகையும் இதுலயே இருக்கு. ஒரு தட்டுத் தட்டுனா சன்னல் வந்துரும். உங்களுக்கு மட்டும் அப்படி மாத்தித் தாரேன்” என்றார்.

“வேணாம்” என்று சொல்லிவிட்டு, நேவி அண்ணன் கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். இந்த முறை இடப்பக்கம் திரும்பவில்லை. நேராகப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய கை, எதிரே இருந்த பலகையில் ஓர் இடத்தைத் தயங்காமல் தொட்டது.

“தம்பி, செய்தி அனுப்புற சுவிட்சு. இது வேலை செய்யுமா?”

“அழுத்தலாம்ணே. சத்தம் கேக்கும், லைட்டு எரியும். செய்தி எங்கயும் போகாது.”

அவர் அழுத்தினார். ஸ்பீக்கரில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரையில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார். “இப்படியே விடு.”