சுகந்தியின் பிக்கப்பும் திரும்ப மறுத்த ஸ்டியரிங்கும்

அந்த வெள்ளை பிக்கப்பை வாங்கியது பாண்டியராஜ்தான். தேயிலை ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு, கேத்தி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்பது அவன் கணக்கு. ஆனால் குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவனுக்கே குமட்டிக்கொண்டு வந்தது. பர்லியாறு தாண்டுவதற்குள் வண்டியை மூன்று இடத்தில் ஓரங்கட்டி, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். "நீ ஃபாக்டரிக்கே போ. வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி சுகந்தி. அதுவரை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, ஒரே வருஷத்தில் கேத்திப் பள்ளத்தாக்கே நம்பி லோடு கொடுக்கும் ஆளாகிவிட்டாள்.

அப்படிப் பல வருஷம் ஓடியது. போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் வண்டியின் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்தது. கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் இரண்டு பக்கத்துக்கும் புதுப் பட்டை போட்டுக்கொண்டு மெதுவாக மலையேறினாள். மறுநாளே மண் சரிந்ததால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். வாரக்கணக்கில் வண்டி வாசலில் நின்றது.

பாதை திறந்தபின் ஏறி உட்கார்ந்தவளுக்கு அது தன் வண்டி மாதிரியே இல்லை. ஸ்டியரிங்கை விரலால் தொட்டால் போதும், வண்டி ஒரு முழம் விலகியது. நேர் ரோட்டில்கூட இடமும் வலமுமாக அலைபாய்ந்தது. இத்தனை நாள் ஓட்டாததால் கை பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காட்டேரி வளைவில் எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கப் போய், வண்டி சடக்கென்று பாய்ந்து ஓரச்சுவரில் உரசியது. யாருக்கும் அடி இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது, இரண்டு மூட்டை அவிழ்ந்து கேரட் ரோடெல்லாம் உருண்டது.

கேரட்டைப் பொறுக்கி முடிப்பதற்குள் பேச்சு ஊருக்குப் போய்விட்டது. அவளுக்கு அதிகமாக லோடு கொடுக்கும் விவசாயி வெள்ளியங்கிரி சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் கை நடுங்குதுன்னு சொல்றாங்க. கொஞ்ச நாளைக்கு வேற வண்டியில அனுப்பிக்கறேனுங்க."

"கை நடுங்கலீங்க. வண்டிலதான் ஏதோ கோளாறு."

"இருக்கட்டுமுங்க. மொதல்ல உடம்பைப் பாருங்க."

அவர் போனபின் அவள் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்து அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படியும் நெஞ்சு ஆறவில்லை. தன் கையைத் தானே சந்தேகப்பட்டு இப்படி நடக்க வேண்டியதாயிற்றே என்றுதான் இருந்தது.

குன்னூர் மெக்கானிக் அம்புரோஸ் வண்டியை இரண்டு நாள் வைத்துப் பார்த்தான். தேய்ந்த மூட்டுகளை மாற்றினான், டயர் காற்றைச் சரிபார்த்தான், ஸ்டியரிங் பெட்டியை இறுக்கினான். ஓட்டிப் பார்த்தால் அலைச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"வயசான வண்டி, அக்கா. இனி இப்படித்தான் இருக்கும்போல" என்றான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள். டிரைவருக்குப் பின் சீட்டுதான் கிடைத்தது. வேறு நினைப்பு இல்லாமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவில் முழுக்க ஒடித்தவர், வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு தானாகவே நேராக வந்து நின்றது. அடுத்த வளைவிலும் அதே மாதிரி.

சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் வண்டி ஸ்டியரிங்கும் முன்பு இப்படித்தானே தானாகத் திரும்பி வரும். இப்போதெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் அவள்தான் அதை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். இழுக்கும்போது கொஞ்சம் கூடிவிடும், திருத்தப் போனால் மறுபக்கம் கூடிவிடும். அலைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அருவங்காட்டில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துப் பட்டறைக்கே திரும்பினாள்.

"அம்புரோஸ், இது இறுக்கம், தளர்ச்சி சமாச்சாரம் இல்லப்பா. ஒடிச்சா தானா திரும்பி வரமாட்டேங்குது. அதைப் பாரு."

அம்புரோஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"சைக்கிள் பாருங்கக்கா. முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கம்பியோட மேல்முனை பின்பக்கமா சாஞ்சிருக்கும். அதனாலதான் கையை விட்டாலும் நேரா போகுது. இதுலயும் சக்கரம் திரும்பற தண்டுக்கு அந்தச் சாய்வு வேணும்." பேசிக்கொண்டே ஒரு நூலில் நட்டைக் கட்டி, முன்சக்கரத்தின் அருகே தொங்கவிட்டான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தண்டின் மேல்முனை பின்னால் சாய்வதற்குப் பதில் முன்னால் சாய்ந்திருந்தது.

"ஸ்பிரிங் எப்ப மாத்துனீங்க?"

"பாதை மூடறதுக்கு மொத நாள்."

அம்புரோஸ் டார்ச்சை எடுத்து ஸ்பிரிங்கின் அடியைப் பார்த்தான். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே, சாய்வுக்காக ஒரு இரும்பு ஆப்பு உண்டு. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. புதுப் பட்டை போட்டவர்கள் இரண்டு பக்கமும் அதை முன்பின்னாக மாற்றி வைத்திருந்தார்கள். அன்று மெதுவாக மலையேறியதில் தெரியவில்லை. பிறகு வண்டி நின்றே கிடந்ததில் அந்த வேலையே எல்லோருக்கும் மறந்துபோனது.

"ஸ்டியரிங்கையே நோண்டிட்டு இருந்துட்டேன். இந்தப் பக்கம் புத்தி போகல" என்று சிரித்தபடி அம்புரோஸ் வண்டிக்கடியில் நுழைந்தான். சுகந்தி நட்டுகளை வாங்கி வரிசையாக அடுக்கினாள். அவன் ஆப்புகளைத் திருப்பி வைத்து, தான் இறுக்கிய ஸ்டியரிங் பெட்டியையும் பழையபடி தளர்த்திவிட்டு, "எடுங்கக்கா" என்றான்.

முதல் வளைவில் ஒடித்து, பிடியைத் தளர்த்தினாள். ஸ்டியரிங் உள்ளங்கையை உரசிக்கொண்டு தானாக நேரே வந்தது. அடுத்த வளைவு வருவதற்குள் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தேவையே இல்லாமல் இன்னும் நான்கு வளைவு போய்த் திரும்பினாள்.

மறுநாள் காலையில் நேராக வெள்ளியங்கிரி தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, ஆப்பு மாறியிருந்த கதையைச் சொன்னாள்.

"லோடு ஏத்துங்க. நீங்களும் கூட வாங்க. பாதி வழியில மனசு ஒப்பலைன்னா எறங்கி பஸ்ஸுல போயிக்கலாமுங்க."

அவர் தயங்கினார். பிறகு மப்ளரை இறுக்கிக்கொண்டு ஏறினார். குன்னூர் தாண்டியும் கதவுக் கைப்பிடியை விடவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிகிற இடத்தில் சுகந்தி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஸ்டியரிங் தானே சுற்றி நேரானது. வெள்ளியங்கிரி அதையும் பார்த்தார், அவள் கையையும் பார்த்தார். இன்னும் சில வளைவுகள் கழிந்ததும் கைப்பிடியை விட்டார். பர்லியாறு வந்தபோது, தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மண்டியில் மூட்டை இறக்கும்போது கேத்திக்காரர்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். "அந்தம்மா வண்டியிலயா வந்தீங்க?" என்று ஒருவர் வெள்ளியங்கிரியிடம் கேட்டார்.

"கையில ஒரு கோளாறும் இல்லீங்க. பட்டறைக்காரன் ஆப்பை மாத்தி வெச்சுப்போட்டான். அதையும் அம்மிணிதான் கண்டுபிடிச்சுது" என்றார் அவர், சந்தைக்கே கேட்கும் குரலில். "நாளைக்கு முட்டைக்கோசும் இதுலதான் வருது."

பக்கத்து ஊரான இத்தலாரைச் சேர்ந்த ஒருவர் அப்போதே அவள் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுகந்தி தார்ப்பாயை மடித்துப் போட்டாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். காலி வண்டி மலையை நோக்கித் திரும்பியது. கல்லாறு தாண்டி முதல் ஏற்றம் வந்ததும் ஹாரனை நீளமாக ஒருமுறை அடித்தாள். எதிரே ஒரு வண்டியும் இல்லை.