காற்றைத் திருத்திய வாசகி

யாழ்ப்பாணத்துப் புத்தகக் கண்காட்சியில் எனக்குப் பிடித்த எழுத்தாளர் பேசி முடித்ததும், ஒரு அம்மா எழும்பினார். நரைத்த கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். கையிலிருந்த நாவல் முழுக்கக் கோடுகள்.

"தம்பி, நான் குருநகர். மீன் விக்கிறனான். ஆடி மாசம் எங்கடை கடலிலை வீசுறது தெற்கிலையிருந்து வாற சோளகக் காத்து. நீங்கள் வாடையெண்டு எழுதியிருக்கிறியள்."

மண்டபம் சிரித்தது. எழுத்தாளர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கிவந்து, அந்தப் பிரதியிலேயே திருத்திக் கையெழுத்து வைத்தார்.

அதே நாவலை மூன்று தரம் வாசித்தவன் நான். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு உந்தக் கதை பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சபடியால்தானே, பிள்ளை, எழும்பிக் கதைச்சனான். பிடிக்காட்டி பாதியிலை மூடிப்போடுவன்."

சொல்லிவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை. எழுத்தாளரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து கதைத்ததெல்லாம் அந்த அம்மாவைப் பற்றித்தான்.