இரிக்கி, வேணும்: சம்மாந்துறை அரிசி ஆலையில் ஒரு பகல்

இத்தா முடிந்து நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட முதல் பயணம் இது. கணவர் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள். அதைத்தான் இத்தா என்கிறோம். அது முடிந்ததும் சிலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், சிலர் கடற்கரையில் கொஞ்சம் காற்று வாங்குவார்கள். நான் மருதமுனையில் இருந்து சம்மாந்துறைக்கு ஒரு அரிசி ஆலையைப் பார்க்கப் போனேன். பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம்.

வீட்டுக்குள் இருந்தபோது, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிற பிள்ளைகளுடைய கட்டுரைகளைப் போனில் நிறைய வாசித்தேன். நேரம், காசு, தூரம் எல்லாம் எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஆலை என்று கேட்பீர்கள். என் கணவர் அங்கேதான் வேலை செய்தார். சூட்டையும் ஆவியையும் அளக்கிற மீட்டர்களைப் பூட்டுவது, அவை காட்டுவதைப் பார்த்து அடுப்பைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற பெட்டிகளைச் சரிபார்ப்பது, இதுதான் அவருடைய தொழில். ஆலையில் அவருக்கு மீட்டர் காக்கா என்று பெயர், அண்ணனைத்தான் நாங்கள் காக்கா என்போம். இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியும் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "உமித் தூசிக்குள்ள என்னத்தப் பாக்கப் போறாய், சட்டையில வாறது காணாதா?" என்பார். அந்தத் தூசியைத் துவைத்துத் துவைத்துத்தான் எனக்கு அந்த ஆலையைத் தெரியும்.

போன கிழமை ஜௌபர் போன் எடுத்தார். ஆலையில் அடுப்பையும் நெல் காயவைக்கும் ட்ரையரையும் பார்த்துக்கொள்கிறவர், என்னை அக்கா முறையில் ராத்தா என்பார்.

"ராத்தா, காக்கா பூட்டின பெட்டியக் கழட்டப் போறம். புதுசு வந்திட்டு. அது ஓடுறதப் பாக்கணுமெண்டா திங்கக்கிழம பதினொரு மணிக்கு முந்தி வந்திருங்க. கழட்டின பொறகு நீங்க கொண்டு போனாலும் மொதலாளி ஒண்டும் சொல்லமாட்டார்."

நான் பெரிய பை ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு மருதமுனையில் பஸ் ஏறினேன். கல்முனைக்கு நாலு கிலோமீட்டர்தான், முப்பது ரூபா எடுத்தார்கள். கல்முனையில் அம்பாறை பஸ் பிடிக்க வேண்டும், அது சம்மாந்துறை வழியாகத்தான் போகும். எழுபது ரூபா. சாய்ந்தமருது தாண்டி, காரைதீவுச் சந்தியில் வலது பக்கம் திரும்பியதும் கடல் வாடை போய்விடும். மாவடிப்பள்ளி பக்கம் இரண்டு புறமும் வயல். வெட்டின வயலில் கொக்குகள் நின்றன.

அந்த இடத்தில்தான் பஸ் நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. ரோட்டில் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். முன்னால் மூட்டை ஏற்றிய ட்ராக்டர் ஒன்று. நான் எழும்பிக் கண்டக்டரிடம் போனேன்.

"தம்பி, கொஞ்சம் வெட்டி எடுத்துப் போகேலாதா? எனக்குப் பதினொண்டுக்கு முந்திப் போகணும்."

கண்டக்டர் சிரித்தார். "நெல்லுக்கு மேல டயரு ஏறினா, அந்தா கம்போட நிக்கிறாரே, அவர் எனக்கு மேல ஏறுவார். இரிங்க ராத்தா, போயிரலாம்."

சம்மாந்துறையில் இறங்கும்போது பதினொன்று ஆகிவிட்டது. ஆலைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ முந்நூறு ரூபா. ஆலைக்கு என்றதும், "நெல்லு விக்கவா மாமி? மூட்டையக் காணல்லியே" என்றார் ஓட்டுகிறவர்.

"இல்ல மகன். ஒரு பெட்டி பாக்க."

"பெட்டி பாக்க ஆட்டோ புடிச்சிப் போற ஆள இண்டைக்கித்தான் கண்டன்" என்றார். ஆனால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு வேகமாகத்தான் ஓட்டினார்.

ஆலை வாசலில் ஜௌபர் நின்றார். உடம்பெல்லாம் உமி. "நிப்பாட்டியாச்சா?" என்றுதான் கேட்டேன், சலாம் சொல்லக்கூட மறந்துபோனேன்.

"இல்ல ராத்தா. ஒரு அவியல் நெல்லு மிச்சம் வச்சிரிக்கன், உங்களுக்காகத்தான்."

ட்ரையர் என்றால் இரண்டு மாடி உயரத் தகரக் கூடு. அவித்த நெல் மேலிருந்து மெல்ல இறங்கும், கீழிருந்து சூடான காற்று ஏறும். பக்கத்தில் உமி எரிகிற அடுப்பு. சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, என் சாப்பாட்டுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் இரண்டு எண்கள். மேலே சிவப்பு, கீழே பச்சை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டரில் அவருடைய கோணல் எழுத்து.

அவருடைய எழுத்தை நான் எப்போதும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கண்ணும் கலங்கியிருந்தது. வாய் விட்டே வாசித்தேன். "இரிக்க வேணும்."

ஜௌபர் கிட்ட வந்து இரண்டு பிளாஸ்டரையும் விரலால் தனித்தனியே தொட்டுக் காட்டினார்.

"ராத்தா," என்றார் ஜௌபர், "அது ரெண்டு சொல்லு. மேல 'இரிக்கி', கீழ 'வேணும்'. மேல உள்ளது காத்தில இப்ப இரிக்கிற சூடு. கீழ உள்ளது நாங்க கேட்ட சூடு. இங்கிலீசில என்னவோ ரெண்டு எழுத்து போட்டிருந்தது, எங்களுக்குப் புடிபடல்ல. ஒருக்கா நான் ரெண்டையும் மாத்தி வாசிச்சி ஒரு கூடு நெல்லக் கருக்கிட்டன். அண்டைக்கித்தான் காக்கா இத ஒட்டினார்."

வேலை இப்படித்தான் நடக்கிறது. காற்றுக் குழாய்க்குள் ஒரு கம்பி குத்தியிருக்கிறது, அது சூட்டைப் பார்க்கும். பெட்டி, இருப்பதையும் வேண்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். குறைந்தால் சின்ன மோட்டார் ஒன்றை அசைத்து, சூடு வருகிற கதவைக் கொஞ்சம் திறக்கும். கூடினால் மூடும். கண், மூளை, கை என்று அவர் வீட்டில் சொன்னது இதைத்தான். நானும் சோறு ஆக்கும்போது அதைத்தானே செய்கிறேன் என்பேன். "நீ அடுப்படிய விட்டுட்டு அடுத்த வீட்டுக்குக் கதைக்கப் போவாய், பெட்டி போகாது" என்பார்.

வேணும் தொண்ணூறு. இரிக்கி எண்பத்தேழு. நானும் பார்த்துக்கொண்டே நின்றேன், எண்பத்தேழு அசையவில்லை.

"மூண்டு கொறையிதே?"

"எப்பவும் கொறையும்" என்றார் ஜௌபர். "காக்கா அந்த மூண்டையும் புடிக்கப் பாத்தார். உமி அடுப்பு சுணங்கித்தான் சூடு குடுக்கும். பெட்டிக்கி அவசரம். கதவத் தொறக்கும், சூடு தாண்டிப் போகும், மறுகா மூடும், மறுகா விழும். அரிசி வெடிச்சிக் குறுணலாப் போச்சி. கடைசியில விட்டுட்டார். கொஞ்சம் கொறஞ்சாலும் ஆடாம நிக்கிதே, அது போதும் எண்டார்."

பெட்டிக்குப் பதிலாகப் புதிய கம்ப்யூட்டர்த் திரையைப் பூட்ட வந்திருந்தது நிந்தவூர்ப் பெண்பிள்ளை, என்ஜினியர், பர்தாவுக்கு மேல் மஞ்சள் தொப்பி போட்டிருந்தது. "புதுசில அந்த மூண்டும் போயிரும் மாமி" என்றது. "எவ்வளவு நேரமா எவ்வளவு கொறையிது எண்டு இது சேத்து வச்சிக்கிட்டு, மெல்ல மெல்லக் குடுக்கும். அடுப்புட சுணக்கத்துக்கும் ஏத்த மாதிரி வைக்கலாம். மாமா செஞ்சதும் சரிதான், இந்தப் பழைய பெட்டியில அதுக்கு மேல செய்யேலாது."

அந்த 'சரிதான்' எனக்குப் பெரிய ஆறுதல்.

அவியல் முடிந்தது. ஜௌபர் உமி போவதை நிறுத்தினார். சிவப்பு எண் இறங்க ஆரம்பித்தது. எண்பது. அறுபத்தைந்து. நான் உள்ளே அறையில் ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், நாற்பத்தொன்று. கடைசியில் வெளிக் காற்றின் சூட்டுக்கு வந்து நின்றுவிட்டது. பச்சை எண் மட்டும் தொண்ணூறிலேயே நின்றது. அடுப்பு அணைந்தது அதற்கு எப்படித் தெரியும். கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டவா ராத்தா?"

"ஓம்" என்றேன்.

பெட்டியைக் கழற்றி என் கையில் தந்தார்கள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. பையை விரித்தேன். சும்மாதான் கேட்டேன், "இது இனி ஓடாதா?"

"ஏன் ஓடாது? சாகாமத்தில ஒரு சின்ன ஆலக்காரன் கேட்டவன். அவன் இன்னும் கையால கதவு தொறந்து மூடுறான். நீங்க கொண்டு போங்க, அவனுக்கு நான் சொல்லிக்கிறன்."

வீட்டில் அலுமாரிக்கு மேல் வைத்தால் இரண்டு எண்ணும் இருட்டாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன். "பிளாஸ்டரக் கிழிக்காமக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

என்ஜினியர்ப் பிள்ளை புதிய திரைக்குப் பெயர் எழுத உட்கார்ந்தது. 'இருக்கு' என்று தட்டியது.

"இருக்கு இல்ல புள்ள, இரிக்கி" என்றார் ஜௌபர்.

"அப்பிடி எழுதுறது பிழை காக்கா."

"அப்பிடி எழுதினாத்தான் எனக்குச் சரியா விளங்கும். ஒரு கூடு நெல்லு கருகினது காணாதா?"

பிள்ளை சிரித்துக்கொண்டே அழித்து எழுதியது. பெட்டி போட வைத்திருந்த பையில், அந்தக் கடைசி அவியலில் இருந்து ஐந்து கிலோ அரிசி குத்திப் போட்டுத் தந்தார்கள். இரண்டே முக்காலுக்கு பஸ் ஏறி அஸர் தொழுகை நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்வது. ஆலை பார்ப்பதென்றால் அறுவடைக் காலத்தில் போங்கள், மற்ற நேரத்தில் வெறும் தகரம்தான். முன்கூட்டியே ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மூடின செருப்பு, மூக்குக்கு மாஸ்க் வேண்டும். கறுப்பு உடுப்பு வேண்டாம், உமி ஒட்டினால் துவைத்தாலும் போகாது. ரோட்டில் நெல் காயும், அதனால் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாவடிப்பள்ளிப் பக்கம் ரோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் போகவே வேண்டாம்.

ஆலையில் அந்தப் புதுத் திரையைக் கட்டாயம் பாருங்கள். மேலே இரிக்கி, கீழே வேணும். இரண்டும் வேறு வேறு சொல், சேர்த்து வாசிக்கக் கூடாது என்று ஜௌபர் சொல்லித் தருவார். நீங்கள் அப்படியே வாசியுங்கள். நான் இன்னொரு தரம் போனாலும் இரிக்க வேணும் என்று சேர்த்துத்தான் வாசிப்பேன்.