பெஞ்சில் யார் படுப்பது

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்க முன்வந்த தன்னார்வலர்களுக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் படங்கள் ஓடின. ஒருவர் போனைத் தடவினார். ஒரு அம்மா பஸ் நேரம் விசாரித்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

படத்தை நிறுத்திவிட்டு, முன்வரிசையில் இருந்த மளிகைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, நோயாளி மாதிரி இந்த பெஞ்சுல படுங்க. மத்தவங்க புரட்டிப் பழகட்டும்."

அவர் முகம் இறுகியது. "இன்னா சார், உதவி செய்ய வந்தா பொணமாட்டம் படுக்கச் சொல்றீங்க?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேறு யாரையும் கேட்கத் துணிவில்லாமல் நானே படுத்தேன். நாலு பேர் ஒரே மூச்சில் புரட்டினார்கள். எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியாமல் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பஸ் நேரம் கேட்ட அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டுத் தொடணும்பா. நா படுக்கறேன், சொல்லிட்டுத் திருப்புங்க."

பிறகு ஒவ்வொருவராகப் படுத்தார்கள், திட்டினார்கள், திருத்திக்கொண்டார்கள். திரையை யாரும் தேடவில்லை.

ஆனால் வெளியே போன கடைக்காரரின் நினைப்பு என்னைக் குடைந்தது. சாயங்காலமே பாகூரில் அவர் கடைக்கு வண்டியை விட்டேன். பருப்பை எடை போட்டபடியே சொன்னார்: "எங்க அப்பா ரொம்ப நாளு அப்டிதான் சார் கெடந்தாரு. அதுமாதிரி படுக்க என்னால ஆவாது. தூக்கறதுன்னா வரேன்."

"தூக்க வாங்கண்ணே, போதும்," என்றேன்.

அடுத்த வகுப்பில் முதல் வேலையாக, யார் எதற்காக வந்தார்கள் என்று கேட்டேன். பேச்சு மதியம்வரை நீண்டது. கடைக்காரரும் வந்து பேசினார்.

பயிற்சி முடிந்து நாங்கள் முதலில் போனது ஏம்பலத்தில் ஒரு வீட்டுக்கு. பக்கவாதத்தில் விழுந்த ஒரு விவசாயி. "பெரியவரே, சோத்தாங்கை பக்கமா திருப்பறோம், பயப்படாதீங்க," என்றார் கடைக்காரர். திருப்பிய பிறகும் பெரியவர் அவர் சட்டையை விடவில்லை. அவர் விடும்வரை கடைக்காரர் குனிந்தே நின்றார்.

கிளம்பும்போது பெரியவரின் மனைவி கேட்டார்: "நாளைக்கு யாரு வருவீங்க?"

பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். பஸ்ஸில் ஏறியதும் யார் எந்த நாள் வருவது என்று வாக்குவாதம்: கடை, கரும்பு வெட்டு, பிள்ளைகளின் பரீட்சை. நான் பொறுக்காமல் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்க சார், நாங்க பேசிக்கறோம்," என்றார் அந்த அம்மா. பாகூர் வருவதற்குள் கிழமை கிழமையாகப் பிரித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் தலையில் விழுந்தது.