பன்னிரண்டும் ஏழும்

ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் கோட்டைத் திரையில் கீறிக் காட்டும் கணிப்பான் ஒன்றைக் கனடாவிலிருந்து அண்ணா அனுப்பியிருந்தார். அதை வகுப்புக்குக் கொண்டுபோன முதல்நாள் எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை.

கரும்பலகையில் தர்சிகா என்ற மாணவி இரண்டு சமன்பாடுகளைக் கையால் தீர்த்து, x பன்னிரண்டு, y ஏழு என்று எழுதியிருந்தாள். அவற்றைக் கணிப்பானில் போட்டு வகுப்புக்குக் காட்டினேன்; திரையில் கோடுகள் வெட்டவே இல்லை.

"தீர்வு இல்லை. விடையை அழியும்" என்றேன்.

"சேர், ரண்டிலயும் போட்டுப் பாத்தனான். சரியா வருது."

"மெசினை விட நீர் கெட்டிக்காரியோ?"

வகுப்பே சிரித்தது. அவள் தன் கையாலேயே விடையை அழித்தாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. திரை x அச்சில் பத்து வரைக்கும்தான் காட்டியது. கோடுகள் அதற்கு அப்பால், பன்னிரண்டில் வெட்டின. மறுநாள் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணிப்பானை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

தவணைப் பரீட்சையில் அதேமாதிரிக் கணக்கு வந்தது. தர்சிகா கையால் சரியாகத் தீர்த்திருந்தாள். பிறகு வரைபுத் தாளில், அன்று திரையில் கண்டதுபோலவே பத்து வரைக்கும் கோடுகளைக் கீறி, அவை வெட்டாததால் சரியான விடையை அடித்துவிட்டு, 'தீர்வு இல்லை' என்று எழுதியிருந்தாள்.

நான் அந்த விடைக்குப் பிழை போட்டேன். அது என்னுடைய பிழை என்று அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.